முன்பாரம், பின்பாரம்

மாட்டுவண்டியில் பாரம் ஏற்றிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவதில் பாதி முன்பே தெரியும். முத்துப்பேட்டைப் பக்கம் தேங்காயோ நெல்மூட்டையோ ஏற்றும்போது, வண்டிக்காரர் எத்தனை மூட்டை என்று மட்டும் எண்ணமாட்டார். ஒவ்வொரு மூட்டையும் எங்கே உட்காருகிறது என்றும் பார்ப்பார். அச்சுக்குப் பின்னால் சுமை கூடிவிட்டால் நுகத்தடி மேலே தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். அது பின்பாரம். முன்னால் கூடிவிட்டால் நுகத்தடி கழுத்தின் மேல் அழுத்தும், மாடு நடக்கத் திணறும். அது முன்பாரம். ஆட்கள் ஏறிய வண்டியென்றால் "அண்ணே, கொஞ்சம் முன்னால தள்ளி உட்காருங்க" என்பார். அதற்கும் சரிவராவிட்டால் தாமே நுகத்தடிப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொள்வார்.

சிறிய விமானங்களின் எடைக் கணக்கும் இதுதான். அதில் வரும் சொற்களைக் கேட்டால் ஏதோ பெரிய படிப்பு என்று தோன்றும். காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் எனக்கு அந்தச் சொற்களின் மேல் ஒரு தனி ஆசை உண்டு. விமானத் தொழிலின் பாதிச் சொற்கள் பிரெஞ்சிலிருந்து போனவை. விமானத்தின் உடம்பை ஆங்கிலத்திலும் ஃபியூசலாஜ் என்கிறார்கள். நூல் நூற்கும் கதிரைப் பிரெஞ்சில் ஃபியூசோ என்பார்கள், அந்த வடிவம். இறக்கையின் ஓரத்தில் மேலும் கீழும் அசையும் ஐலெரான் என்றால் சின்ன இறக்கை. வால் பகுதியை எம்பெனாஜ் என்பார்கள். அம்புக்குப் பின்னால் இறகு கட்டுவதிலிருந்து வந்த சொல் அது. எடை எங்கே கூடி நிற்கிறது என்பதைப் பிரெஞ்சுக்காரர்கள் சாந்த்ராஜ் என்கிறார்கள். முன்னால் கூடினால் சாந்த்ராஜ் அவான், பின்னால் கூடினால் சாந்த்ராஜ் அரியேர். நம் வண்டிக்காரரின் முன்பாரமும் பின்பாரமும் அப்படியே அங்கே இருக்கின்றன.

இந்தக் கவலை விமானம் பிறந்த அன்றே பிறந்தது. 1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்கள் பறக்கவிட்ட விமானத்தில் எஞ்சின் நடுக்கோட்டுக்கு வலப்பக்கம், படுத்துக்கொண்டு ஓட்டுகிறவர் இடப்பக்கம். ஒன்றுக்கு மற்றொன்று ஈடு. ஆனால் எஞ்சின் ஆளைவிடக் கனமானது. அதற்காக வலது இறக்கையை 4 அங்குலம் நீளமாக வைத்தார்கள். மறு ஆண்டு செய்த விமானம் நிலையில்லாமல் தலையை ஆட்டியபோது, அதன் முன்பக்கத்தில் 70 பவுண்டு இரும்பைக் கட்டிப் பறந்தார்கள். பறக்கவே சக்தி போதாத எந்திரத்தில் வேண்டுமென்றே இரும்பு ஏற்றியதை நினைத்துப் பாருங்கள். எடை கூடினாலும் பரவாயில்லை, முன்னால் இருக்கட்டும் என்ற முடிவு அது.

நம் நாட்டில் இந்தக் கதை சீக்கிரமே தொடங்கிவிட்டது. 1910 மார்ச்சில் சென்னை மவுண்ட் ரோடில் ஓட்டல் நடத்திய கோர்சிகாக்காரர் ஜியாகோமோ தாஞ்செலிஸ், சிம்சன் கம்பெனியில் செய்வித்த விமானத்தைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். அடுத்த ஆண்டு 1911 பிப்ரவரி 18 அன்று அலகாபாத் கண்காட்சித் திடலிலிருந்து ஆன்ரி பெக்கே என்ற பிரெஞ்சு இளைஞர் சுமார் 6500 கடிதங்களுடன் கிளம்பி, ஆற்றைத் தாண்டி நைனியில் இறங்கினார். தூரம் சுமார் 6 மைல், நேரம் 13 நிமிடம். அரசு அனுமதியோடு விமானத்தில் தபால் போனது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை என்று தபால்தலைக்காரர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள். ஓட்டியவருக்குச் சுற்றிலும் கூண்டு கிடையாது, இறக்கையின் முன்விளிம்பில் காற்றில் உட்கார்ந்திருந்தார். எஞ்சின் சுமார் 50 குதிரைத்திறன். இன்று ஒரு சின்னக் காருக்கே அதைவிட அதிகம்.

எடைக் கணக்கு தினசரித் தொழிலாக மாறியது 1932ல். அக்டோபர் 15 காலையில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து ஒரு பஸ் மாத் விமானத்தில் தனியாகக் கிளம்பினார். அகமதாபாத்தில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு, பிற்பகல் பம்பாய் ஜூஹூவில் இறங்கினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் தபாலை வாங்கிக்கொண்டு பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். டாட்டாவைப் பற்றி ஒரு சின்னச் செய்தி, எனக்குப் பிடித்தது: அவர் பிறந்தது பாரிஸில், தாயார் பிரெஞ்சுக்காரர், முதலில் பேசிய மொழியும் பிரெஞ்சுதான். ஆங்கிலக் கால்வாயை முதலில் பறந்து கடந்த பிளெரியோவின் குடும்பம் கோடை விடுமுறையில் இவர்களுக்கு அண்டைவீடு.

பஸ் மாத் மூன்று பேர் உட்காரும் மூடிய விமானம். வெறும் விமானத்தின் எடை சுமார் 1265 பவுண்டு. எல்லாம் ஏற்றிய பிறகு 2050 பவுண்டைத் தாண்டக்கூடாது. நடுவில் இருப்பது 785 பவுண்டு. அதற்குள் விமானி, பெட்ரோல், எஞ்சின் எண்ணெய், பயணி, தபால் எல்லாம் அடங்க வேண்டும். முதல் நாள் வந்த தபால் 55 பவுண்டு. அகமதாபாத்தில் பெட்ரோல் 4 காலன் தகரங்களில் மாட்டுவண்டியில் வந்தது என்பதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒரு காலன் பெட்ரோல் 7 பவுண்டுக்குச் சற்று மேல். அப்படியானால் இரண்டு தகரம் பெட்ரோலே அன்றைய மொத்தத் தபாலைவிடக் கனம். தூரம் போக வேண்டுமானால் பெட்ரோல் வேண்டும், காசு வர வேண்டுமானால் தபால் வேண்டும். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்றைக் குறைக்க வேண்டும். அடுத்த முழு ஆண்டான 1933ல் அவர்கள் ஏற்றியது 10.71 டன் தபால். பயணிகள் 155 பேர்தான். யாருக்கு இடம் கொடுத்தார்கள் என்று இந்த எண்களே சொல்லும்.

1935 நவம்பர் 27 அன்று கொழும்பு ரத்மலானை விமான நிலையத்தில் முதன்முதலாக வந்திறங்கியதும் ஒரு பஸ் மாத்தான். சென்னைப் பறக்கும் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் டிண்டேல் பிஸ்கோ ஓட்டிச் சென்றார். ஒற்றை எஞ்சின் வைத்த விமானத்தில் கடல் தாண்டுவதென்றால், போய்ச் சேரும் பெட்ரோல் மட்டும் போதாது. மேகமோ எதிர்க்காற்றோ வந்தால் திரும்பி வரவும் வேண்டும். கூடுதல் பெட்ரோல் என்றால் கூடுதல் எடை.

நம் ஊர்ப் பெண்மக்கள் இந்த எடைக் கணக்கைக் கையில் பிடித்துப் படித்திருக்கிறார்கள், கணக்கு என்று தெரியாமலே. மலேயாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும், பிறகு வளைகுடாவிலிருந்தும் வந்த ஏரோகிராம்களைச் சொல்கிறேன். மடித்தால் அதுவே உறை, விரித்தால் கடிதம். உள்ளே ஒரு போட்டோகூட வைக்கக்கூடாது. ஈராக்கில் தபால் துறையில் இருந்த டக்ளஸ் கம்ப்ளி என்ற ஆங்கிலேயர் 1933ல் கொண்டுவந்த ஏற்பாடு. சாதாரண விமானத் தபால் உறைகளில் 'பார் அவியோன்' என்று அச்சிட்டிருக்கும். விமானம் மூலம் என்று பொருள். உலகத் தபால் சங்கத்தின் மொழி பிரெஞ்சு என்பதால் எந்த நாட்டு உறையிலும் அது இருக்கும். அவியோன் என்ற சொல்லே 1890களில் கிளெமான் ஆதேர் தம் எந்திரத்துக்கு வைத்த பெயர். அந்த எந்திரம் ஒழுங்காகப் பறக்கவில்லை, பெயர் மட்டும் உலகம் முழுவதும் பறந்தது.

இனி சொற்களுக்கு வருகிறேன்.

வெற்றெடை என்பது ஆளும் சுமையும் இல்லாத விமானத்தின் எடை. நெல் லாரியை எடைமேடையில் ஏற்றிப் பார்த்து, வெறும் லாரியின் எடையைக் கழிப்பார்களே, அதே வெறும் லாரி. விமானத்தை நிறுக்க ஒவ்வொரு சக்கரத்துக்கும் கீழே ஒரு தராசு வைப்பார்கள். மூன்றையும் கூட்டினால் எடை. மூக்குச் சக்கரத்தில் எவ்வளவு, பின்சக்கரங்களில் எவ்வளவு என்று பார்த்தால் பாரம் எங்கே நிற்கிறது என்பதும் தெரியும். புதிதாக ஒரு ரேடியோ பொருத்தினாலும் இந்தக் கணக்கைத் திருத்தி எழுத வேண்டும். அதற்கென்று ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு தாள் உண்டு. அதில் பழைய எண் இருந்தால் அதற்கு மேல் போடும் கணக்கு எல்லாம் தவறு.

பயன்சுமை என்பது உச்ச எடையிலிருந்து வெற்றெடையைக் கழித்தால் மிஞ்சுவது. பஸ் மாத்துக்கு நாம் பார்த்த 785 பவுண்டு அதுதான். நான்கு இருக்கை இருக்கிறது என்பதற்காக நான்கு பேரும், நிறைந்த பெட்ரோலும், பெட்டி நிறையச் சாமானும் ஏற்றலாம் என்று பொருள் இல்லை. பல சின்ன விமானங்களில் இந்த மூன்றில் ஒன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

டேட்டம் என்பது அளவு தொடங்கும் கோடு. நில அளவையில் பெஞ்ச்மார்க் கல் இருக்கிறதல்லவா, அது போல. எங்கே வைத்தாலும் சரி, எல்லா அளவும் அங்கிருந்தே எடுக்க வேண்டும். அந்தக் கோட்டிலிருந்து ஒரு பொருள் இருக்கும் தூரத்தை ஆர்ம் என்பார்கள், கை என்றே பொருள். பிரெஞ்சிலும் பிரா, கைதான். எடையையும் கையையும் பெருக்கினால் மொமென்ட், பள்ளிப் பாடநூலில் திருப்புத்திறன். எல்லாத் திருப்புத்திறனையும் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் ஈர்ப்பு மையம் எங்கே என்று வரும்.

சந்தையில் வெள்ளிக்கோல் பிடித்தவர்கள் இதைக் கயிற்றால் செய்தார்கள். கோலின் ஒரு முனை கனம், மறுமுனையில் சரக்கு. தூக்கிப் பிடிக்கும் கயிற்றை இப்படியும் அப்படியும் நகர்த்தி, கோல் நேராக நிற்கும் இடத்தில் கோடு பார்த்து எடை சொல்வார்கள். கோல் நேராக நின்ற இடம்தான் ஈர்ப்பு மையம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பேரேட்டில் கூட்டிப் பழகியவர்களுக்குச் சிரமம் இருக்காது. உலகத்தில் அதிகம் விற்ற சின்ன விமானம் செஸ்னா 172. அதில் 1970களின் கடைசியில் வந்த என் மாதிரிக்கு உச்ச எடை 2300 பவுண்டு. டேட்டம், எஞ்சினுக்கும் ஆட்கள் இருக்கும் அறைக்கும் நடுவில் உள்ள தடுப்புச் சுவர். முன் இருக்கை அங்கிருந்து 37 அங்குலம், பெட்ரோல் 48, பின் இருக்கை 73, சாமான் அறை 95. வெற்றெடை விமானத்துக்கு விமானம் மாறும். நம் கணக்குக்கு 1450 பவுண்டு, 39.5 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம்.

விமானி ஒல்லியானவர், 130 பவுண்டு. கூட வருகிறவர்கள் இரண்டு சம்பந்திகள், ஆளுக்கு 170 பவுண்டு. பேசிக்கொண்டு போகலாம் என்று இருவரும் பின்னால் ஏறிக்கொள்கிறார்கள். பெட்ரோல் 240, சாமான் 120. மொத்தம் 2280 பவுண்டு. உச்ச எடைக்கு 20 பவுண்டு குறைவு, எடையில் குற்றம் இல்லை. திருப்புத்திறன்களைக் கூட்டினால் 1,09,825. வகுத்தால் 48.2 அங்குலம். இந்த விமானத்தில் ஈர்ப்பு மையம் 47.3க்குப் பின்னால் போகக்கூடாது. ஆக, எடை சரி, இடம் தப்பு. ஒரு சம்பந்தியை மட்டும் விமானிக்குப் பக்கத்தில் முன் இருக்கைக்கு மாற்றுங்கள். 170 பவுண்டு 36 அங்குலம் முன்னால் வருகிறது, திருப்புத்திறனில் 6120 குறைகிறது. வகுத்தால் 45.5. அதே விமானம், அதே 2280 பவுண்டு, அதே மூன்று பேர், இப்போது பறக்கலாம்.

உச்ச எடையில் இந்த விமானத்துக்கு அனுமதித்த இடம் 38.5 அங்குலம் முதல் 47.3 வரை. 9 அங்குலம்கூட இல்லை, ஒரு சாண். எண்சாண் உடம்புக்கு ஒரு சாண் வயிறு என்பார்கள். 27 அடி நீள விமானத்துக்கும் ஒரு சாண்தான் கொடுத்திருக்கிறார்கள்.

முன்பாரம் ஆனால் விமானம் மூக்கைத் தூக்க மறுக்கும். கிளம்புவதற்கு அதிக தூரம் ஓடும், இறங்கும்போது மூக்குச் சக்கரம் அடிபடும். தொல்லைதான், ஆனால் பெரும்பாலும் தரையிலேயே தெரிந்துவிடும். பின்பாரம் வேறு மாதிரி. கிளம்பும்போது கை லேசாக இருக்கும், விமானம் தானாகவே எழுந்துகொள்ளும், அனுபவம் இல்லாதவருக்கு நன்றாகப் பறக்கிறது என்றே தோன்றும். மேலே போனபின் மூக்கு ஏறிக்கொண்டே போகும். வேகம் குறையும். இறக்கை காற்றைப் பிடிக்காமல் விட்டுவிடும். சரியான பாரத்தில் விமானம் தானே மூக்கைக் கவிழ்த்து வேகம் பிடித்துக்கொள்ளும். பின்பாரத்தில் அது நடக்காது, சுழன்று விழ ஆரம்பித்தால் மீட்க முடியாமலும் போகலாம். மாட்டுவண்டியில் பின்பாரம் ஆனால் வண்டி குடைசாய்ந்து நிற்கும், இறங்கி மூட்டையை மாற்றலாம். அங்கே இறங்க இடம் இல்லை.

பழைய விமானங்களைச் செய்தவர்கள் இந்தக் கணக்கை விமானத்தின் வடிவத்துக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். நம் நாட்டுப் பறக்கும் கழகங்களில் பல ஆண்டுகள் ஓடிய டைகர் மாத்தில் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு இருக்கை. தனியாக ஓட்டுகிறவர் பின் இருக்கையில்தான் உட்கார வேண்டும். முன் இருக்கை ஈர்ப்பு மையத்துக்கு அருகில் இருக்கிறது. அங்கே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாரத்தின் இடம் அதிகம் மாறாது. பெட்ரோல் தொட்டியை மேல் இறக்கையின் நடுவில் வைத்தார்கள். பறக்கப் பறக்கப் பெட்ரோல் தீர்ந்தாலும் முன்னும் பின்னும் சாயாது. அழகான ஏற்பாடு என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் காலத்தில் பயணிகளையே தராசில் நிறுத்தி எடை பார்த்தார்கள். பெட்டியோடு சேர்த்து நிறுத்ததும் உண்டு. சீமாட்டிகள் கூச்சப்பட்டிருப்பார்கள். விமானங்கள் பெரிதான பிறகு ஆளை நிறுப்பது போய், ஆளுக்கு இவ்வளவு என்று சராசரி எடை வந்தது. 200 பேர் ஏறும் விமானத்தில் அது செல்லும், ஒல்லியும் பருமனும் ஒன்றுக்கொன்று ஈடாகிவிடும். 19 பேர் ஏறும் விமானத்தில் அதே சராசரியைப் போட்டால் என்ன ஆகும் என்பது 2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவில் சார்லட் நகரில் தெரிந்தது. பீச்கிராஃப்ட் 1900 விமானம், 19 பயணிகள், 2 விமானிகள். தாளில் போட்ட சராசரிக் கணக்குப்படி எடையும் இடமும் வரம்புக்குள். உண்மையில் எடை கூடுதல், பாரம் வரம்பைத் தாண்டிப் பின்னால். அதற்கு முன்பு நடந்த பராமரிப்பில் வால் பகுதியை அசைக்கும் கம்பியைத் தவறாக முறுக்கியிருந்ததால், மூக்கைக் கீழே இறக்கும் அசைவு குறைந்துபோயிருந்தது. இரண்டும் சேர்ந்துகொண்டன. கிளம்பியவுடன் மூக்கு செங்குத்தாக ஏறி, விமானம் நிலையத்துக்குள்ளேயே ஒரு கொட்டகையில் மோதியது. 21 பேரும் இறந்தார்கள். அதன் பிறகுதான் பயணிகளை உண்மையாக நிறுத்துப் பார்த்து, சராசரி எடையைக் கூட்டினார்கள். பழைய சராசரி போட்ட காலத்துக்குப் பின் மக்களின் உடம்பு பெருத்திருந்தது. தாளில் இருந்த எண் அப்படியே இருந்தது.

சராசரி என்பது அலுவலகத்தில் வசதியான சொல். வாழ்நாள் முழுவதும் தாள்களில் எண் எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன். வேலை சீக்கிரம் முடியும், யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். ஆகையால் சின்ன விமானத்தில் ஏறும்போது யாராவது உங்கள் எடையைக் கேட்டால் குறைத்துச் சொல்லாதீர்கள். வீட்டம்மாக்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். யாழ்ப்பாணம் போகும் சிறிய விமானத்தில் காலி இருக்கை இருக்கிறதே என்று இடம் மாறி உட்காரப் போனால், பணிப்பெண் வந்து "உங்க சீட்லயே இருங்க சார்" என்பார். அவர் நம்மைப் பார்த்துச் சொல்வது அல்ல, நம் இருக்கையின் கையைப் பார்த்துச் சொல்வது.

பயணிகள் விமானங்களில் இந்தக் கணக்கு முழுவதும் ஒரு தாளில் ஏறுகிறது. லோட் ஷீட் என்று பெயர். வெற்றெடை, ஆட்கள், சாமான், பெட்ரோல், மொத்தம், ஈர்ப்பு மையம். தயாரித்தவர் கையெழுத்து, கீழே விமானியின் கையெழுத்து. கதவை மூடுவதற்கு முன் பிரதி எடுப்பார்கள். ஒன்று விமானத்தோடு போகும். இன்னொன்று தரையில் கோப்பில் இருக்கும்.